1, -1 இரண்டில் எதை மாற்றுவது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு மாணவர் கேட்கிறார்: "அண்ணா, கிட் (கோப்புகளில் செய்த மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் மென்பொருள்) எழுதப்பட்ட சி மொழி நிரலைப் படிக்கிறேன். பிழை வந்தால் சில ஃபங்ஷன் 1 தருகிறது, சில -1 தருகிறது. எல்லாவற்றையும் -1 ஆக்கி ஒரு பேட்ச் (திருத்தக் கோப்பு) அனுப்பலாமா?"

அனுப்பலாம் தம்பி, ஆனால் மொத்தமாக வேண்டாம். சரியாக முடிந்தால் 0, பிழை என்றால் மைனஸ் எண் என்பதுதான் அங்கே பொது வழக்கம்; எரர்() ஃபங்ஷன்கூட செய்தியை அச்சிட்டுவிட்டு எப்போதும் -1 தருவதால், 'ரிட்டர்ன் எரர்(...)' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். இது சுலபமான பாதி.

மீதி, அந்த ஃபங்ஷனைக் கூப்பிடுகிற இடங்களில் இருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற இடத்துக்கு 1 வந்தால் பிழை என்றே தெரியாது, எல்லாம் ஒழுங்காக நடந்த மாதிரி மேலே போய்விடும், அங்கே உங்கள் திருத்தம் நிஜமான கோளாறையே சரிசெய்யும். '== 1' என்று பார்க்கிற இடத்திலோ நீங்களே புதிதாக ஒன்றை உடைப்பீர்கள். அதனால் கிட் கிரெப் (நிரல் முழுக்க ஒரு சொல்லைத் தேடும் கட்டளை) போட்டுத் தேடி, கூப்பிடுகிற ஒவ்வொரு இடத்தையும், அதைக் கூப்பிடுகிற இடத்தையும் படியுங்கள். அப்புறம், எல்லா 1-ம் பிழை இல்லை: மெர்ஜ்-பேஸ் கட்டளையில் இஸ்-ஆன்செஸ்டர் (இந்த கமிட், அதாவது பதிவான மாற்றம், அதற்கு முன்னோரா?) என்று கேட்டால் 1 என்பது 'இல்லை' என்ற பதில். எல்லா மைனஸும் தோல்வி இல்லை: பைசெக்ட் (கோளாறு எந்த கமிட்டில் நுழைந்தது என்று தேடும் கட்டளை) நிரலுக்குள் -10, -11 இரண்டும் வெற்றிக்கான குறிகள்!

இன்னொன்று, புதுச்சேரிக்குள் பிரச்சினை இல்லாத மது பாட்டில், கடலூர் எல்லையில் ஆல்பேட்டை செக்போஸ்டில் பிரச்சினை ஆகிற கதைதான் -1-க்கும். ஒரு கட்டளை முடியும்போது வெளியே தரும் எண்ணுக்கு 8 பிட்தான் இடம் என்பதால் ஷெல்லுக்கு (கட்டளைகளை ஓட்டும் நிரல்) அது 255 ஆகப் போய்ச் சேரும். ஒவ்வொரு கமிட்டிலும் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டித் தேடும் பைசெக்ட் ரன்னுக்கு 1 முதல் 127 வரை (125 தவிர, அது 'தாண்டிப் போ') 'கெட்ட கமிட்' என்று அர்த்தம், 128 அல்லது அதற்கு மேல் வந்தால் தேடலையே நிறுத்திவிடும். நேற்று வரை 1 தந்த கட்டளை இன்று 255 தந்தால் யாரோ ஒருவரின் ஸ்கிரிப்ட் பாதியில் நிற்கும். எனவே உள்ளே மைனஸ் இருக்கட்டும், கட்டளையின் கடைசி வரியில் 'ரிட்டர்ன் !!ரெட்' (ரெட் என்பது விடை இருக்கும் மாறி, !! பூஜ்யமல்லாத எதையும் 1 ஆக்கும்) போட்டு 1 ஆக்கிவிடுங்கள்.

டெஸ்ட் எழுதும்போது டெஸ்ட்_மஸ்ட்_ஃபெயில் (கட்டளை தோற்றதா என்று மட்டும் பார்ப்பது) போதாது, 1-ம் 255-ம் அதற்கு ஒன்றுதான். சரியாக 1 வந்ததா என்று பார்க்க டெஸ்ட்_எக்ஸ்பெக்ட்_கோட் 1 என்று எழுதுங்கள். ஒரு பேட்சில் ஒரு ஃபங்ஷன் போதும், கூப்பிடுகிற இடங்களில் எதையெல்லாம் பார்த்தீர்கள் என்பதையும் கமிட் செய்தியில் சொல்லிவிடுங்கள்.