விசாரணை அறையில் அம்மா

அன்புள்ள சார்,

சென்னையில் நடக்கும் த்ரில்லர் ஒன்று எழுதுகிறேன். ஆட்டிசம் உள்ள 17 வயதுப் பையன் மேல் கொலைப்பழி, அம்மா போராடுகிறாள். முதல் அத்தியாயத்தில் அவனை விலங்கு மாட்டி லாக்கப்பில் அடைக்கிறார்கள். நம்பும்படி இல்லை என்கிறார்கள் நண்பர்கள். எங்கே இடறுகிறது?

வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

லாக்கப்பில்தான். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி 18 நிறையாதவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கும் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். மீறல் நடக்காமலில்லை. ஆனால் அது மீறல் என்று கதையில் ஒருவருக்காவது தெரிய வேண்டும்.

16 தாண்டியவன், வழக்கு கொலை. எனவே பெரியவர்களைப் போல இவனை விசாரிக்கலாமா என்று குழுமம் மூன்று மாதத்துக்குள் மதிப்பிடும். உங்கள் நாவலுக்கான கெடு அதுவே. பையன் சட்டப்பிரிவுகளை மனப்பாடமாக ஒப்பித்தால், மதிப்பீட்டில் 'விளைவு தெரிந்தவன்' என்று எழுதிவிடுவார்கள்.

விசாரணையை எப்படி எழுதுவது?

“நீதானே குத்துனே?”

“நீதானே குத்துனே.”

எக்கோலாலியா, கேட்டதையே திருப்பிச் சொல்கிறான். இன்ஸ்பெக்டர் காதில் அது நக்கல். அவர் குரலை உயர்த்தி அடுத்த கேள்விக்குத் தாவுகிறார். முதல் கேள்வியையே அவன் இன்னும் முடிக்கவில்லை. வயர்லெஸ் இரைச்சலில் காதைப் பொத்துகிறான். முகத்தைப் பார்க்காததால் 'எதையோ மறைக்கிறான்'. கடைசியில் “புரிஞ்சுதா?” என்றதும் “ம்” என்கிறான். போலீசிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியமாகாது என்பது உண்மைதான். ஆனால் கத்தி எங்கே என்றால், யாரோ வீசியதைப் பார்த்தவன், இம்மி பிசகாமல் இடத்தைக் காட்டுவான். கத்தி கிடைத்துவிட்டால் அதற்கு வழிகாட்டிய பேச்சு மட்டும் சாட்சியமாக உள்ளே வரும் என்று அரசுத் தரப்பு நிற்கும். கணக்கில் புலி, கொலைகாரனையும் அவனே கண்டுபிடிக்கிறான் என்ற ஜோடனை மட்டும் வேண்டாம், சலித்துவிட்டது.

அம்மாவை வீராங்கனையாக்க அவசரப்படாதீர்கள். டாக்டர், டீச்சர், பக்கத்து வீடு என எல்லாரிடமும் அவனுக்குப் பதிலாகப் பேசியே பழகியவள் அவள். இங்கே அவள் முடித்து வைக்கும் ஒவ்வொரு வாக்கியமும் 'சொல்லிக்கொடுத்தது' ஆகிவிடும். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் அவளுக்குப் பெரிய சண்டை. இன்னொன்று: ஈரத்துணி அவனுக்கு ஆகாது, நனைந்தால் உடனே சட்டையைக் கழற்றிப் போடுவான். கொலை நடந்த அன்றும் அப்படிக் கழற்றியதை அம்மா வழக்கம்போல வாளியில் ஊறவைக்கிறாள். குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 238ஆம் பிரிவு, தடயத்தை அழித்தல். இப்போது அவளும் குற்றவாளிப் பட்டியலில். சட்டையை மூன்றாம் அத்தியாயத்துக்குள் ஊறவைத்துவிடுங்கள், போலீஸ் வாளியைப் பார்ப்பது பாதி நாவலுக்குப் பிறகு இருக்கட்டும்.