ஏற்றத்தில் நெஞ்சு இறுகினால் அதைக் கேஸ் என்று விடாதீர்கள்

உங்கள் கடிதத்தில் கருப்புச் சளி, கண்ணெரிச்சல், தும்மல், செல்போனில் காற்றின் தரம் மஞ்சளாகக் காட்டுவது என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, முக்கியமானதைக் கடைசி நாலு வரியில் வைத்திருக்கிறீர்கள். குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் பல வருடமாக ரப்பர் ஷீட்டை உலர்த்தப் புகை போடும் வேலை, வயது 51. இதே வேலை பார்த்த அப்பா 53 வயதில் நெஞ்சுவலியில் போனார். இப்போது உங்களுக்கும் ஏற்றம் ஏறினால் நெஞ்சு இறுகுகிறது, நின்றால் விட்டுவிடுகிறது. "கேஸ்தானே டாக்டர்?"

இல்லை. பரிசோதித்து வேறு காரணம் தெரியும்வரை இதை இதயவலி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் ஏற்றத்தில் நிற்கிறீர்களா, சமதளத்தில் நிற்கிறீர்களா என்பது வாயுவுக்குத் தெரியாது. இதயத்துக்குத் தெரியும். ஏறும்போது இதயத் தசைக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். இதய ரத்தக்குழாய் குறுகியிருந்தால் அது கிடைக்காது, நெஞ்சு இறுகும். ஏப்பம் விட்டதும் குறைகிறது என்கிறீர்கள். ஏப்பம் விடுவதற்காக நின்றீர்களே, அதனால் குறைந்தது.

என்னை உறுத்துவது இன்னொன்று. முன்பு உச்சிக்குப் போனபின் வந்த இறுக்கம் இப்போது பாதி ஏற்றத்திலேயே வருகிறது என்கிறீர்கள். குறைந்த வேலைக்கே வலி வரத் தொடங்குவதுதான் இதில் ஆபத்தான அடையாளம். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். இதைப் படித்த அன்றே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, இதய மருத்துவர் இருக்கும் வேறு மருத்துவமனைக்கோ போங்கள். "ஈசிஜி எடுத்தேன், நார்மல்" என்பது எனக்குச் சமாதானம் தரவில்லை. ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி, அடைப்பு இருப்பவர்களுக்கும் நார்மலாக வரலாம். டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்ப்பதா, எக்கோ என்ற இதய ஸ்கேனா, ரத்தக்குழாயைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோவா என்பதை அங்கே முடிவு செய்யட்டும். நீங்களாக லேபுக்குப் போய் டிரெட்மில்லில் ஏறி ஓட வேண்டாம்.

சும்மா இருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, நின்று சில நிமிடத்தில் விடவில்லை என்றாலோ, வியர்வையோடு தாடைக்கோ இடது கைக்கோ பரவினாலோ 108. பைக்கை எடுக்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலாவது இறங்குங்கள். மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் 2023-லிருந்து அங்கேயே வைக்கப்பட்டிருக்கின்றன.

சரி, புகைக்கு வருவோம். நீங்கள் பார்த்த யூடியூப் வீடியோவில் காட்டியதுபோல் கரி போய் ரத்தக்குழாயை அடைப்பதில்லை. விறகுப் புகையிலும் டீசல் புகையிலும் இருக்கும், 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் அடிவரை இறங்குகின்றன. அங்கே கிளம்பும் அழற்சி ரத்தக்குழாயின் உள்தோலைக் கெடுக்கிறது, குழாய் சுருங்குகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, ரத்தம் எளிதில் உறைகிறது. கொழுப்புப் படிவு வருடக்கணக்கில் வேகமாக வளரும். இந்தப் புகையை அதிகமாகச் சுவாசித்த சில மணி நேரத்திலேயே மாரடைப்பைக் கிளப்பிவிடவும் முடியும். இதை அமெரிக்க இதயச் சங்கம் 2010-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்தத் துகள் ஆண்டுச் சராசரியாகக் கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டு வரம்பு 40. உங்கள் செல்போன் காட்டுவது ஊர்க் காற்றை. மலையும் கடலும் இருப்பதால் அது டெல்லி அளவுக்கு மோசமில்லை. ஆனால் நீங்கள் சுவாசிப்பது புகையறைக் காற்றை, அதை எந்த ஆப்பும் அளக்கவில்லை.

அந்த அறையில் கார்பன் மோனாக்சைடும் இருக்கிறது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும் வாயு அது. குழாய் ஏற்கெனவே குறுகியவருக்கு இதனால் வலி இன்னும் சீக்கிரம் வரும். புகையறையில் நின்ற நாளில் ஏற்றம் கூடுதல் கஷ்டமாக இருந்ததா? டாக்டரிடம் சொல்லுங்கள்.

முகத்தில் கட்டும் நனைத்த தோர்த்து (துண்டு) இந்த நுண்துகளையும் வாயுவையும் சரியாகத் தடுக்காது. என்95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. அடுப்பு வாயை வெளியிலிருந்து விறகு தள்ளும்படி மாற்றுங்கள், கதவைத் திறந்து புகை போனபின் உள்ளே போங்கள். ஆனால் பரிசோதனை முடியும்வரை அந்த வேலையே வேண்டாம், ஷீட்டை வேறு யாராவது புரட்டட்டும். அப்புறம், "எப்போதாவது ஒரு பீடி" என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கருப்புச் சளி, மூச்சுக்குழாய் தன்னைத் துடைத்துக்கொள்வது. ரத்தம் கலந்தால் கட்டாயம் காட்டுங்கள். கண்ணெரிச்சலும் தும்மலும் புகையை விட்டு விலகினால் போகும்.

மைத்துனரின் நெஞ்சுவலி மாத்திரை சார்பிட்ரேட்டை நாக்கடியில் வைத்தீர்களாமே, ரத்த அழுத்தம் சட்டென இறங்கி வழியில் விழுந்திருந்தால்? தினமும் நீங்கள் போடும் ஆஸ்பிரினும் யாரும் எழுதித் தராதது. வயிற்றில் ரத்தக்கசிவு வந்தால் அதுவும் 'கேஸ்' ஆகிவிடும். பூண்டும் எலுமிச்சையும் சேர்த்த சாறு எந்த அடைப்பையும் கரைக்காது, ரசத்துக்கு நன்றாக இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மெடிக்கலில் நீங்களாக வாங்கிய மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்று சொன்னால் அங்கே யாருக்கும் எதுவும் புரியாது.