ஆயத்த விதிநூல் இருக்க, சிலர் சொந்த விதிகளை ஏன் எழுதுகிறார்கள்?

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதையை நகர்த்தி ஆடும் கதாபாத்திர விளையாட்டுகளில், ஆயத்த விதிகளை விட்டுச் சிலர் ஏன் மெனக்கெட்டுச் சொந்த விதிகளை எழுதுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கதை எந்தப் பக்கம் போகும் என்பதை விதிகளே தீர்மானித்துவிடுகின்றன என்பதுதான் முதன்மைக் காரணம்.

இவ்வகை விளையாட்டான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஐந்தாம் பதிப்பில் பத்தாம் நிலைப் போர்வீரனுக்கு 80 உயிர்ப்புள்ளிகள் (அடிபடும்போதெல்லாம் சேதத்தின் அளவுக்குக் குறையும் எண்) இருப்பது சாதாரணம். குத்துவாளோ நான்கு முகப் பகடையில் விழும் எண்ணோடு சிறு கூட்டல் சேர்ந்த அளவுக்கே சேதம் விளைவிக்கும் என்பதால், அவன் கழுத்தில் கத்தியை வைத்தாலும் மேசையில் எவரும் அஞ்சுவதில்லை. அரண்மனைச் சூழ்ச்சியை ஆட விரும்பும் குழுவுக்கு இது பொருந்தாது; 'மூன்று காயம் பட்டால் மரணம்' என்ற ஒற்றை விதியே அங்கு கத்திக்கு உரிய அச்சத்தைத் திருப்பித் தருகிறது.

என் பார்வையில் இது மரபு மீறலும் அன்று. 1974-இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டே, அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேவ் ஆர்னெசன் தம் 'பிளாக்மூர்' ஆட்டத்துக்காக வகுத்துக்கொண்ட சொந்த விதிகளிலிருந்தும் கிளைத்ததுதான்.