பிலிகுண்டுலுவில் ஓர் அளவுகோல்

அன்புள்ள ஐயா,

பருவநிலை மாற்றம் நாட்டின் பாதுகாப்புக்கே ஆபத்து, அண்டை நாடுகள் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும் என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். மழை பொய்ப்பதற்கும் ராணுவத்துக்கும் என்ன சம்பந்தம்? 2021இல் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் இந்தப் பேச்சு வந்தபோது இந்தியாவே எதிர்த்து ஓட்டுப் போட்டதே, அது தப்பா?

ஒரு வாசகர், மேச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

தப்பில்லை. அயர்லாந்தும் நைஜரும் கொண்டுவந்த தீர்மானம் அது. 12 நாடுகள் ஆதரித்தன, ரஷ்யா வீட்டோ போட்டது, சீனா ஒதுங்கிக்கொண்டது. எல்லா நாடுகளும் உட்காரும் பருவநிலை மாநாடு இருக்கும்போது பாதுகாப்பு கவுன்சில் எதற்கு என்று இந்தியா கேட்டது. புகையை அதிகம் விட்டவர்களிலேயே சிலர் வீட்டோவோடு உட்கார்ந்திருக்கும் சபை அது. அங்கே போய் வறட்சிக்கு நியாயம் கேட்பதில் எனக்கும் சம்மதமில்லை.

ஆனால் மழைக்கும் சண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று மேச்சேரிக்காரர் கேட்கலாமா? தங்கம் விலைக்கு அடுத்தபடியாக நம் ஊர் டீக்கடையில் தினமும் பேசப்படும் எண் மேட்டூர் நீர்மட்டம்தானே. 2016 செப்டம்பரில் காவிரித் தண்ணீருக்காக பெங்களூரு கலவரமானபோது, சேலத்து ஆம்னி பஸ்கள் நிறுத்தியிருந்த இடத்திலேயே வரிசையாக எரிந்தன. ஒரே நாடு, ஒரே சுப்ரீம் கோர்ட். அதற்கே இந்தக் கதி.

அப்புறம் 2018இல் தீர்ப்பு வந்தது. தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆணையம். மழை குறைந்த 2023இல் மறுபடியும் பந்த், மறியல், கோர்ட். எவ்வளவு திறக்க வேண்டும் என்பதில்தான் அத்தனை தகராறும். எவ்வளவு வந்தது என்பதற்கு எல்லையில் பிலிகுண்டுலு இருக்கிறது. மத்திய நீர் ஆணையத்தின் ஆட்கள் அங்கே தினமும் ஆற்றை அளக்கிறார்கள். கர்நாடகக்காரரும் அந்தக் கணக்கை வைத்துத்தான் வாதாடுகிறார், நம்மவரும் அதை வைத்துத்தான். பொதுவாக ஒரு கணக்கு இருந்தால்தான் சண்டையையாவது ஒழுங்காகப் போட முடியும்!

நான் கேட்ட கூட்டுறவு இவ்வளவுதான். நாடுகளுக்கிடையே இதுவும் தேய்ந்து வருகிறது. 2010இல் திம்புவில் பருவநிலையையே தலைப்பாக வைத்துக் கூடிய தெற்காசிய நாடுகளின் சார்க் அமைப்பு, 2014 காத்மாண்டுவுக்குப் பிறகு உச்சி மாநாடே நடத்தவில்லை. பாகிஸ்தானோடு சிந்து ஆற்றுத் தண்ணீரைப் பங்கிட்டுக்கொண்ட 1960இன் ஒப்பந்தம் 1965, 1971, கார்கில் என்று எல்லாப் போரையும் தாண்டி நின்றது. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு 2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்தி வைத்தது. அந்தக் கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் வெள்ளக் கணக்கு நின்றுபோனால் அடிபடுவது கீழே இருக்கும் சம்சாரிதான். வங்கதேசத்தோடு 1996இல் போட்ட கங்கை ஒப்பந்தத்துக்கும் 30 வருடக் கெடு, 2026 டிசம்பரில் முடிகிறது.

2023 அக்டோபரில் சிக்கிமில் பனி ஏரி உடைந்து, சுங்தாங் அணையை அடித்துக்கொண்டு தீஸ்தா இறங்கியது. அந்த ஆறு அடுத்துப் போவது வங்கதேசத்துக்கு. அந்த மாதிரி ராத்திரியில் கீழே இருப்பவனுக்கு வேண்டியது ஒரு போன்.

மேட்டூர் வற்றினால் பண்ணவாடியில் பழைய கோயில் நந்தி தலைகாட்டும். பரிசலில் போய் ஒருமுறை தொட்டிருக்கிறேன், முதுகெல்லாம் காய்ந்த சேறு. நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். அடுத்த முறை வெளியே தெரிந்தால் சொல்லுங்கள், ஏற்காட்டிலிருந்து இறங்கி வருகிறேன்.