ஜூரி கடிதம் வந்தவர்களுக்கு: கூகுளில் தேடலாமா?

இங்கிலாந்தில் ஜூரி சேவைக்கு, அதாவது ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று கோர்ட்டில் முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார, அழைப்பு வந்த நம்மவர்கள் கேட்டவை இவை. குற்ற வழக்குகளில் நெடுநாள் சொலிசிட்டராக (வக்கீலாக) இருப்பவள் என்பதால் பதில் என் பொறுப்பு.

அக்கா, அடுத்த மாதம் கிரவுன் கோர்ட்டில் எனக்கு ஜூரி. குற்றவாளி யார், எப்படிப்பட்டவர் என்று நெட்டில் பார்த்துக்கொண்டால் சரியாக முடிவெடுக்கலாம்தானே? (ஹாரோ)

முதலில், அவர் இன்னும் குற்றவாளி இல்லை தம்பி, குற்றம் சாட்டப்பட்டவர். பார்க்கவே கூடாது.

2011-ல் லூட்டனில் ஒருவரைப் படுகாயப்படுத்திய வழக்கு நடந்தது. ஜூரியில் இருந்த ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளர் வீட்டில் உட்கார்ந்து தேடினார். குற்றம் சாட்டப்பட்டவர்மேல் முன்பு ஒரு பாலியல் வன்கொடுமைப் புகார் இருந்தது தெரிந்தது. ஜூரி அறையில் அதைச் சொன்னார். கூட இருந்த ஒருவர் கோர்ட்டுக்குத் தெரிவித்துவிட்டார். விசாரணை அன்றோடு நின்றது. அடிபட்டவர் மறுவிசாரணையில் திரும்பவும் கூண்டேறி, நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. விரிவுரையாளருக்கு 2012 ஜனவரியில் 6 மாதச் சிறை.

இதில் என்னை வாட்டுவது வேறு. அந்தப் பழைய புகாரில் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானவர். கோர்ட்டில் ஒரு சாட்சி தவறாகச் சொன்னால் வக்கீல் எழுந்து குறுக்கு விசாரணை செய்வார். ஜூரர் இரவில் போனில் படித்ததை யார் குறுக்கு விசாரணை செய்வது? தன்னைப் பற்றி எதைப் படித்தார்கள் என்பதே கூண்டில் நிற்பவருக்குத் தெரியாது.

சம்பவம் நடந்த தெரு என் வீட்டுக்குப் பக்கம். சும்மா ஒரு நடை போய்ப் பார்த்தால்? (குரொய்டன்)

வழக்குக்காகப் போனால் அதுவும் குற்றம். 2015-ல் வந்த சட்டம் நெட்டோடு நிற்கவில்லை. இடத்தைப் போய்ப் பார்ப்பது, பொருளைச் சோதிப்பது, வீட்டில் 'இருட்டில் முகம் தெரியுமா' என்று செய்து பார்ப்பது, தெரிந்தவரிடம் கேட்பது, இன்னொருவரைத் தேடச் சொல்வது எல்லாம் அடங்கும். நீதிபதியைப் பற்றியோ, வழக்குக்கான சட்டத்தைப் பற்றியோ தேடினாலும் அப்படியே. அதிகபட்சம் 2 வருடச் சிறை. தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் அது வேறு. கோர்ட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சட்ட வார்த்தை ஏதாவது புரியாமல் போனால் என்ன செய்வது? எனக்கு இங்கிலீஷ் சுமார்தான். (ஈஸ்ட் ஹாம்)

கூச்சப்படாதீர்கள் அண்ணா. ஒரு தாளில் கேள்வியை எழுதி, மடித்து, ஜூரியைக் கவனித்துக்கொள்ளும் அஷரிடம் கொடுங்கள். அது நீதிபதி கைக்குப் போகும். இரு தரப்பு வக்கீல்களும் பார்ப்பார்கள். பதில் வெளிப்படையாகக் கோர்ட்டிலேயே வரும். ஒரே வரியில், எழுத்துப் பிழையோடு வந்த சீட்டுகளைப் பார்த்திருக்கிறேன். நீதிபதி அவற்றைப் பொறுமையாகப் படித்து, விளக்கி, நன்றியும் சொல்வார். கூகுளிடம் கேட்கிற அதே கேள்விதான், ஆனால் இங்கே எல்லார் முன்னிலையிலும் பதில் கிடைக்கிறது.

கூட இருக்கிற ஒருவர் தேடிவிட்டு வந்து எங்களிடம் சொல்கிறார். காட்டிக்கொடுப்பது பாவமாக இருக்கிறதே, மேடம்? (லெஸ்டர்)

உங்கள் சங்கடம் புரிகிறது. ஆனாலும் இன்றே சொல்லுங்கள், தீர்ப்புக்கு முன்னால். அதே சீட்டு, அதே அஷர். ஒரு மனிதர் பல வருடம் உள்ளே போகப்போகிற விஷயம் இது. அவர் பக்கத்தை யோசியுங்கள்.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஃபேஸ்புக்கில் ஒரு மெசேஜ் போட்டால்? (கேட்டவர் ஊர் போடவில்லை)

வேண்டவே வேண்டாம். 2010-ல் மான்செஸ்டர் போதைப்பொருள் வழக்கில் ஒரு ஜூரர், அதே வழக்கில் விடுதலையான பெண்ணோடு ஃபேஸ்புக்கில் பேசினார். குற்றம் சாட்டப்பட்ட மற்றவர்களைப் பற்றி ஜூரி அப்போது இன்னும் முடிவெடுத்துக்கொண்டிருந்தது. 2011-ல் அந்த ஜூரருக்கு 8 மாதச் சிறை.

எல்லாம் முடிந்த பிறகாவது வழக்கைப் பற்றிப் படிக்கலாமா? வீட்டுக்காரர் கேட்டால் சொல்லலாமா? (ஹாரோ, இன்னொருவர்)

நீதிபதி ஜூரியை விடுவித்த பிறகு தாராளமாகப் படியுங்கள். திறந்த கோர்ட்டில் கேட்டதை வீட்டிலும் பேசலாம். ஜூரி அறைக்குள் யார் என்ன சொன்னார், யார் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்பதை மட்டும் வீட்டுக்காரரிடம்கூட எப்போதும் சொல்லக்கூடாது. அவர் கோபித்துக்கொண்டால் சட்டத்தின் மேல் பழியைப் போடுங்கள்.