சொந்த முகவரி: செட்டிநாட்டிலிருந்து வந்த கேள்விகள்

சின்னச் சின்ன இணையதளங்களைக் கட்டித் தருவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். இருப்பது காரைக்குடியில். பெரிய கம்பெனிகளின் தயவு இல்லாமல் இணையத்தில் எழுதவும் படிக்கவும் வழி உண்டா என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பலர் கேட்டு அனுப்பியிருந்தார்கள். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், பதில்களைச் சுருக்கவில்லை.

பத்து வருஷமாக ஃபேஸ்புக்கில் ஊர்க் கதைகள் எழுதி வருகிறேன். காசு கேட்பதில்லை, படிக்கவும் ஆள் இருக்கிறது. தனியாக ஓர் இடம் எதற்கு? (ஓய்வு பெற்ற ஆசிரியை, தேவகோட்டை)

டீச்சர், முதல் வருஷம் எழுதிய கதை ஒன்றை இப்போது தேடி எடுத்துப் பாருங்கள். விரல் வலிக்கத் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருக்கும். உங்களுக்கே இந்தப் பாடு என்றால், அமெரிக்காவில் இருக்கும் உங்கள் பேத்திக்கு அது எங்கே கிடைக்கப் போகிறது?

ஜியோசிட்டீஸ் என்று ஓர் இடம் இருந்தது. லட்சக்கணக்கானவர்கள் அதில் இலவசமாகப் பக்கம் வைத்திருந்தார்கள். 2009-ல் மூடினார்கள். ஆர்குட் 2014-லும், கூகுள் பிளஸ் 2019-லும், யாஹூ குழுமங்கள் 2020-லும் போயின. யாஹூ குழுமங்களில் தமிழ் பற்றி எத்தனை நல்ல விவாதங்கள் நடந்தன என்பது அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்துத்தான் எல்லாவற்றையும் மூடினார்கள். ஆனால் அறிவிப்பு வந்த மின்னஞ்சலை எத்தனை பேர் திறந்து பார்த்திருப்பார்கள்?

சந்தையில் கடை விரிக்கிறோம், நல்லது. சாயங்காலம் மிச்சச் சரக்கை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறோம் இல்லையா? எழுத்துக்கும் அப்படித்தான் ஒரு வீடு வேண்டும். ஃபேஸ்புக்கை விடச் சொல்லவில்லை. முதலில் உங்கள் சொந்த இணைய முகவரியில் எழுதுங்கள், அதன் லிங்க்கை அங்கே போடுங்கள்.

பழையதை மீட்க: ஃபேஸ்புக் அமைப்புகளுக்குள் உங்கள் தகவலைப் பதிவிறக்கும் வசதி இருக்கிறது. எந்த வடிவில் வேண்டும் என்று கேட்கும்போது எச்.டி.எம்.எல். (வலைப்பக்கமாகத் திறக்கும் வடிவம்) என்பதையே தேர்ந்தெடுங்கள். நிரல்கள் படிப்பதற்கான ஜேசான் என்பதை எடுத்தவர்களுக்குத் தமிழ் எழுத்து சிதைந்து வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

என்ன செலவாகும்? நான் மாணவன், கையில் லேப்டாப் கிடையாது, போன்தான். (காரைக்குடி)

தம்பி, டொமைன் என்கிற தளத்தின் முகவரிப் பெயருக்கு மட்டும் வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். டாட் இன் பெயர் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். முதல் வருஷத்துக்குத் தள்ளுபடி போட்டுக் கண்ணில் காட்டுவார்கள். நீ பார்க்க வேண்டியது இரண்டாம் வருஷத்துப் புதுப்பிப்புக் கட்டணத்தை. அந்தச் செலவும் இப்போது முடியாது என்றால் நியோசிட்டீஸ் போன்ற இடத்தில் இலவசமாகத் தொடங்கு. 2013-லிருந்து இருக்கிறது, விளம்பரம் கிடையாது. பிற்பாடு பெயர் வாங்கியதும் கோப்புகளை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். பூட்டுச் சின்னத்துக்கான சான்றிதழுக்கு யாராவது தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதே. சான்றிதழைச் சும்மா தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு வந்த பிறகு அது இலவசம்.

பக்கத்தின் எடை, அதாவது கோப்பின் அளவு, ஒரு பெரிய விஷயம். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான இன்றைய யூனிகோடில் ஒரு தமிழ்க் குறி (ஓர் எழுத்தோ, புள்ளி, கால் போன்ற துணைக் குறியோ) 3 பைட். ஆயிரம் சொல் கட்டுரை ஒன்று 30 கிலோபைட் அளவில் அடங்கிவிடும். உன் போனில் எடுத்த படம் ஒன்று 3 மெகாபைட் என்று வைத்துக்கொள். அந்த ஒரு படத்தின் எடைக்கு நூறு கட்டுரை எழுதலாம். அதனால்தான் வெறும் எழுத்துப் பக்கம் சிக்னல் சரியாக எடுக்காத கிராமத்திலும் தட்டியதும் திறக்கிறது. தலைப்பு, பத்தி, லிங்க், படம் என்று நாலைந்து எச்.டி.எம்.எல். கட்டளைகள் தெரிந்தால் ஒரு பக்கம் எழுதிவிடலாம். ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் பழகிவிடும். போனில் உள்ள சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரே போதும்.

தளம் நடத்துவதற்கான வேர்ட்பிரஸ் மென்பொருளைப் போடட்டுமா என்றும் கேட்டிருந்தாய். போடலாம். ஆனால் அதற்கு வாரா வாரம் அப்டேட் பார்க்க ஆள் வேண்டும். என்னிடம் பழுதுக்கு வரும் தளங்களில் பாதி, பழைய பிளக்இன் (கூடுதல் வசதிக்காக அதில் சேர்க்கும் சின்ன நிரல்) வழியாக யாரோ உள்ளே புகுந்தவைதான். வெறும் பக்கங்களில் உடைக்க ஒன்றும் இல்லை.

வீட்டிலேயே ஒரு சின்ன கம்ப்யூட்டரைச் சர்வராக, அதாவது தளத்தை வைத்திருந்து கேட்பவர்களுக்கு அனுப்பும் இயந்திரமாக, வைக்கலாமா? (பள்ளத்தூர்)

கற்றுக்கொள்ள வையுங்கள், நம்பி வைக்காதீர்கள். கரண்ட் போனால் தளமும் போகும். வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் வெளியிலிருந்து நேராக வந்து சேர முகவரியே தருவதில்லை.

முகவரியைத் தமிழிலேயே வைக்க முடியுமா?

முடியும். டாட் இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே முடியும் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் உள்ளுக்குள் அது ஓர் ஆங்கில எழுத்துச் சரமாக மாற்றப்பட்டுத்தான் ஓடுகிறது. சில செயலிகளில் ஒட்டும்போது அந்தச் சரம் பல்லைக் காட்டும், அனுப்பியவரை வைரஸ் என்று சந்தேகப்படுவார்கள். ஆசை இருந்தால் இரண்டையும் வாங்கி ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பி விடுங்கள்.

தனித் தளத்தில் எழுதினால் யார் வந்து படிப்பார்கள்? ஒவ்வொரு வீடாகப் போய்த் தட்டிப் பார்க்க முடியுமா? (முன்னாள் வலைப்பதிவர், காரைக்குடி)

வலைப்பதிவுகளைத் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் காலத்து ஆள் நீங்கள் என்று எழுதியிருந்தீர்கள் அண்ணே. காலையில் அந்த ஒரு பக்கத்தைத் திறந்தால் யார் யார் புதிதாக எழுதியிருக்கிறார்கள் என்று வரிசையாக நிற்கும். அதன் அடியில் ஓடியது ஃபீட், தமிழில் செய்தியோடை என்போம். 1999-ல் நெட்ஸ்கேப்பில் பிறந்தது. தளத்தில் புதிதாக ஒன்று ஏறியதும் தலைப்பு, தேதி, லிங்க் மூன்றையும் ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைக்கும். ரீடர் செயலி அந்தக் கோப்பை அவ்வப்போது எட்டிப் பார்த்து வரும். இடையில் தரகர் கிடையாது. இவருக்கு இதைக் காட்டு, அவருக்கு மறை என்று முடிவு செய்ய அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எழுதிய வரிசையில் வரும், தீர்ந்ததும் தீர்ந்துவிடும்.

2013 ஜூலையில் கூகுள் ரீடரை மூடியபோது ஃபீடே செத்துவிட்டது என்று பலர் நினைத்துவிட்டார்கள். மூடியது ஒரு கடை மட்டும்தான். உங்கள் பழைய பிளாக்கர் பக்கம் இன்றும் ஃபீட் தருகிறது. வேர்ட்பிரஸ் தளங்கள் தருகின்றன, யூடியூப் சேனல்களும் தருகின்றன, பாட்காஸ்ட் பெரும்பாலும் அதன்மேல்தான் ஓடுகிறது. ஆண்ட்ராய்டில் ஃபீடர் என்றொரு செயலி, கணினியில் தண்டர்பேர்ட். எதிலாவது உங்களுக்குப் பிடித்த இருபது தளங்களைச் சேர்த்து ஒரு வாரம் பாருங்கள். நான் காலைக் காபியோடு இருபது நிமிஷத்தில் முடித்துவிடுகிறேன். அதற்கப்புறம் விரல் தானாகப் போனைத் தேடுவதில்லை.

எழுதுகிறவருக்கும் ஒரு கடமை உண்டு. உங்களுக்குப் பிடித்த பத்துத் தளங்களின் பட்டியலை உங்கள் பக்கத்தில் போடுங்கள். நம் பக்கத்தில் ஒரு கல்யாணம் என்றால் பங்காளி வீடு, தாய்மாமன் வீடு என்று ஒவ்வொருவராகச் சொல்லித்தானே கூட்டம் சேருகிறது? லிங்க் கொடுப்பதும் அப்படித்தான். பிளாக் நாளில் பக்கவாட்டில் அந்தப் பட்டியல் இல்லாத தளமே கிடையாது. நாம்தான் நிறுத்திவிட்டோம்.

மஸ்டடான் நல்லதா?

நல்லது. ஒரே கம்பெனியின் கையில் இல்லாமல் பல சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சமூக வலைத்தளம் அது. பிடிக்காவிட்டால் உங்களைப் பின்தொடர்பவர்களோடு வேறு சர்வருக்குக் குடி போகலாம், ஆனால் எழுதிய பதிவுகள் கூட வராது. அதனால் அங்கே பேசுங்கள், எழுத்தைச் சொந்த இடத்திலேயே வையுங்கள்.

பலகாரக் கடை வைத்திருக்கிறேன். ஆர்டர் முழுக்க வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும்தான் வருகிறது. விட்டால் பிழைப்புப் போய்விடும். (காரைக்குடி)

விட வேண்டாம் அக்கா. ஒரே ஒரு பக்கம் போடுங்கள்: மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம், எது என்ன விலை, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், கடைக்கு வழி. டப்பாவில் ஒட்டும் சீட்டில் அந்தப் பக்கத்தின் முகவரியை அச்சடியுங்கள். வாங்குகிறவர்களின் பெயரையும் நம்பரையும் அவர்களிடம் கேட்டுக்கொண்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கே உங்கள் கணக்கைக் காரணம் சொல்லாமல் முடக்கினாலும் அந்த நோட்டு இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது இப்படி மாட்டிக்கொண்டார். முறையிடப் படிவம் இருந்தது, பேச ஒரு மனுஷர் இல்லை. கணக்குத் திரும்பி வந்தபோது தீபாவளி போய்விட்டது.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் வாங்குங்கள். தளம் கட்டித் தருகிறவர் "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று தன் பெயரில் வாங்கிவிடுவார். வீட்டுப் பத்திரத்தைக் கொத்தனார் பெயரில் எழுதுவோமா? அப்படி எழுதிக்கொண்டவர் ஊரை விட்டுப் போய், பெயரும் காலாவதியாகி, ஒரு பள்ளியின் பழைய மாணவர் தளம் சூதாட்ட விளம்பரப் பக்கமாக மாறியதை நான் பார்த்தேன். டாட் காம் என்றால் பெயர் நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்பு அவகாசம் உண்டு, கூடுதல் பணம் கட்டி எடுக்கலாம். அந்தப் பழைய மாணவர்களுக்குத் தெரிந்தபோது அதுபோன்ற அவகாசமும் முடிந்திருந்தது.

சொந்தத் தளத்தில் எழுதினாலும் ஏஐ கம்பெனிகள் வந்து அள்ளிக்கொண்டு போகுமே?

போகும். தளத்துக்கு வரும் தானியங்கி நிரல்கள் படிப்பதற்கான ரோபாட்ஸ் கோப்பில் வராதே என்று எழுதி வைக்கலாம். அது வாசலில் மாட்டிய அறிவிப்புத்தான், பூட்டு இல்லை. மதிக்கிறவர்கள் மதிப்பார்கள். யாரும் எடுக்கக்கூடாத எதையும் பொதுவில் வைக்காதீர்கள்.

எங்கள் ஐயா பர்மாவிலிருந்து எழுதிய கடிதங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. பேரன் எல்லாவற்றையும் கூகுளில் போட்டுவிடலாம் என்கிறான். சரியா? (ஆச்சி ஒருவர், கானாடுகாத்தான்)

ஆச்சி, இந்தக் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். பேரன் சொல்வது ஒரு பிரதிக்குச் சரி. ஒரே பிரதியாக அது இருக்கக் கூடாது. உங்கள் வீட்டில் ஒன்று, வெளியூரில் இருக்கும் பிள்ளை வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, இணையத்தில் ஒன்று. காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் மூலம்.

பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒருவர் தன் வீட்டில் புத்தகம், பத்திரிகை, நோட்டீசு என்று சேர்த்து வைத்தார். அவர் 1992-ல் காலமான பிறகு, 1994-ல் அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக இருக்கிறது. ஒரு தனி மனிதர் வீட்டில் வைத்துக் காப்பாற்றியது அது.

ஒவ்வொரு கடிதத்தையும் கலரில் ஸ்கேன் செய்து, கோப்பின் பெயரில் வருஷம், மாதம், எழுதிய ஊர் மூன்றையும் போடச் சொல்லுங்கள். அப்புறம் யாராவது படித்துச் சொல்ல, ஒருவர் யூனிகோடில் தட்டச்சு செய்யட்டும். இது முக்கியம். என் தகப்பனார் எங்கள் கோயில் வரலாற்றைத் தொண்ணூறுகளில் பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய எழுத்துரு) அடித்து வைத்திருந்தார். இருபது வருஷம் கழித்து அந்த ஃபிளாப்பியைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல், மெய்யெழுத்தின் புள்ளி வரவேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளி. எழுத்துரு மாற்றி மூலம் சரிசெய்ய மூன்று இரவு ஆனது. எந்தக் கம்பெனியின் தனி வடிவத்திலும் வைக்காமல் வெறும் உரைக்கோப்பாக வையுங்கள், நூறு வருஷம் கழித்தும் திறக்கும்.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி, யார் யாருக்கு என்ன பாகம் என்ற விவரம் எதுவும் பொதுவில் வேண்டாம். குடும்பத்துக்குள் பென்டிரைவில் கொடுங்கள். மழை வருவதற்குள் பெட்டியைத் திறந்து, பூச்சி அரித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்கேனரை நான் கொண்டுவருகிறேன்.