தேரியில் இழுத்த டயர்

கல்லிடைக்குறிச்சியில் தையல் கடை நடத்துகிறவர் இவர். நான்கு பேர் கொண்ட சாகசப் போட்டி அணியில் வரைபடம் பார்ப்பது இவர் பொறுப்பு. கடந்த பிப்ரவரியில் மணாலிக்கு மேலே சோலங் பக்கம் பனியில் நடந்த இரண்டு நாள் போட்டிக்குப் போய்வந்தார். வாசகர்களின் கேள்விகளுக்கு அவரே பதில் சொல்கிறார்.

சாகசப் போட்டி என்றால் மாரத்தான் மாதிரியா?
— கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

மாரத்தானில் பாதை போட்டுத் தந்துவிடுவார்கள். இதில் பாதையைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை. கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி, அவ்வளவுதான். ஜி.பி.எஸ். கூடாது. எங்கள் போட்டியில் செல்போனைக்கூடப் பையில் போட்டு சீல் வைத்தார்கள். வரைபடத்தில் குறித்த இடங்களைத் தொட்டுத் தொட்டுப் போக வேண்டும். நடை, சைக்கிள், துடுப்பு, கயிறு எல்லாம் கலந்து வரும். பனிக்காலத்தில் துடுப்பை எடுத்துவிட்டு பனிச்சறுக்கோ, பனியில் புதையாமல் நடக்க ஷூவுக்கடியில் மாட்டும் அகலமான ஸ்னோ ஷூவோ வைப்பார்கள்.

1989-ல் நியூசிலாந்தில் ஜெரார் ஃபியூசில் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய ரெய்டு கோலுவாஸ்தான் இந்த வகைப் போட்டிக்கு வழிபோட்டது. 2019-ல் ஃபிஜித் தீவில் 671 கிலோமீட்டர் போட்டி நடந்தபோது இந்தியாவிலிருந்து இரட்டைச் சகோதரிகள் தாஷி, நுங்ஷி மாலிக் இருவரும் ஓர் அணியோடு போனார்கள். டிவியில் அதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் சைக்கிள் கடை அண்ணாச்சி, அணியில் சேரச் சொல்லி என் கடை வாசலில் வந்து நின்றார்.

வெயில் காயும் நம்ம ஊரில் இருந்துகொண்டு பனிக்கு எப்படிப் பயிற்சி எடுத்தீர்கள்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், வீரவநல்லூர்

எங்கள் வீட்டிலும் இதைக் கேட்டுச் சிரித்தார்கள் சார். மார்கழி விடியலில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே இங்கே தலைக்குத் துண்டு கட்டுகிற ஆட்கள் நாம். மாஞ்சோலை மலையில் நாலுமுக்கு, ஊத்து பக்கம் மழையில் நனைந்தால் நன்றாக நடுங்கலாம். ஆனால் அது புலிகள் காப்பகம், நினைத்த நேரத்தில் இரவில் ஓட விடமாட்டார்கள், விடவும் கூடாது.

கால்களுக்குத் தேரி கிடைத்தது. திசையன்விளை பக்கம் குட்டம் தேரியைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு மணல், நடுநடுவே பனையும் உடைமுள்ளும். கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும், அடுத்த அடிக்கு அதைப் பிடுங்க வேண்டும். பனியிலும் இதே கதைதான், நிறம் மட்டும் வேறு. ஒரு பழைய ஜீப் டயரைக் கயிற்றில் கட்டி, இடுப்பில் மாட்டி, ஞாயிறுதோறும் மணல் சுடுவதற்கு முன்னால், விடிய நான்கு மணிக்கே இழுத்தோம். முதல் நாள் ஒரு பனையேறி அண்ணன் நின்று பார்த்துவிட்டு, “டயர் பஞ்சராயிட்டா தாயி?” என்று கேட்டார். என்ன சொல்ல!

கைகளுக்கு உவரியில் ஒரு ஐஸ் கம்பெனி. மீனுக்குப் போடும் நொறுக்கிய ஐஸை ஒரு பெட்டியில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, மூன்று நிமிடம் கையை விட்டு எடுப்போம். எடுத்த கையோடு ஷூ கயிறு கட்ட வேண்டும், ஜிப் திறக்க வேண்டும், நெற்றி விளக்குக்கு பேட்டரி மாற்ற வேண்டும். வெறும் கையில் 40 விநாடியில் பேட்டரி மாற்றுகிறவள் நான். ஐஸுக்குப் பிறகு நான்கு நிமிடம் ஆனது, அதிலும் ஒன்றைத் தலைகீழாகப் போட்டிருந்தேன். ஊசியில் நூல் கோத்துப் பிழைக்கிறவளுக்கு எவ்வளவு அவமானம் பாருங்கள். அன்றிரவே எல்லா ஜிப்பிலும் விரல் நீளத்துக்கு நாடா தைத்துவிட்டேன், கையுறையோடே இழுக்கலாம். கையுறை காற்றில் பறக்காமலிருக்க, குழந்தைகளுக்குப் போடுவதுபோல் கழுத்து வழியாக ஒரு கயிறும் தைத்தேன்.

வரைபடப் பயிற்சிக்குக் கன்னடியன் கால்வாய்க் கரையும் வயல்வரப்பும். இருட்டில் நாய் துரத்தினாலும் திசை மாறக்கூடாது.

குளிரில் என்ன சாப்பிட்டீர்கள்? அல்வா கொண்டுபோனீர்களா?
— இல்லத்தரசி, திருநெல்வேலி டவுன்

கொண்டுபோகாமலா? கோதுமைப் பால், சர்க்கரை, நெய் மூன்றும் சேர்ந்தது, உடம்புக்குச் சூடு கொடுக்க இதைவிட என்ன வேண்டும் என்று ஒரு கிலோ வாங்கிப் போனோம். அங்கே நெய் உறைந்து, அல்வா சைக்கிள் டியூப் மாதிரி ஆகிவிட்டது. கடலை மிட்டாய் இன்னும் மோசம், அண்ணாச்சியின் பல் பெயர்ந்திருக்கும். இரண்டாம் நாள் அல்வாவைச் சுண்டுவிரல் அளவுத் துண்டுகளாக்கி உள்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டோம். வாயில் போட்டதும் இருட்டுக்கடை வாசல் ஞாபகம் வந்தது. பிளாஸ்கில் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி. பக்கத்து அணிக்காரர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு இருமினார்கள், பிறகு இன்னொரு வாய் கேட்டார்கள்.

பாதியில் திரும்பிவிட்டீர்களாமே? அவ்வளவு பயிற்சி எடுத்தும் ஏன்?
— வாசகர், அம்பாசமுத்திரம்

ஆமாம், திரும்பினோம். 22 இடங்களில் 14 தொட்டிருந்தோம்.

பொதிகையில் அகத்தியர் மலையே 1,868 மீட்டர்தான். அங்கே நாங்கள் தொடங்கிய இடமே அதைவிட உயரம். இரவு மைனஸ் 11. புதுப் பனியில் முன்னால் போகிறவர் மிதித்துத் தடம் போட வேண்டும், பின்னால் வருகிறவர்களுக்கு அதில் நடப்பது லேசு. அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை வைத்திருந்தோம். எங்கள் அணியில் இளையவன், எல்லோருக்கும் தம்பி, அரை மணி நேரம் விடாமல் மிதித்தான். “ஏல, பின்னால வா” என்றால், “ஒண்ணுமில்லக்கா, நீங்க மேப்பப் பாருங்க” என்றான். கனத்த மேல்சட்டையையும் கழற்றவில்லை. உள்ளே வேர்த்துத் தொப்பலாகிவிட்டது.

இதற்கு நடுவே ஒரு மலைமுகட்டை இன்னொன்று என்று நான் தப்பாக எடுத்துவிட்டேன். சரிபார்க்க நின்றோம், திரும்பினோம். அந்த ஒரு மணி நேரம் என் கணக்கில்தான் வரும். நின்றதும் வேர்வை குளிர ஆரம்பித்தது. துணி தெரிந்தவள் நான், நனைந்த துணி உடம்புச் சூட்டை எப்படி உறிஞ்சும் என்று கடையில் பாடம் எடுப்பேன். பருத்தி பனியன் தண்ணீரைக் குடித்துவிட்டு விடாது என்பதால்தான் எல்லோருக்கும் கம்பளி உள்சட்டை வாங்க வைத்தேன். ஆனால் அவன் சட்டைக்குள் கைவிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

தேவதாரு மரத்தடியில் அவன் ஜிப் நாடாவைப் பிடிக்கத் தடுமாறினான். நடுக்கம் அதிகமாக இருந்தது. பேர் கேட்டேன், நாக்கு குழறியது. வேறு நேரமென்றால் குடித்திருக்கிறான் என்று திட்டியிருப்போம். அண்ணாச்சி, “போதும், படத்த மடிம்மா” என்றார். மீட்புக்குழுவைக் கூப்பிடப் போட்டிக்காரர்கள் தந்திருந்த கருவியில் அவசர பட்டனை அழுத்தினோம், ஈரத்தைக் கழற்றிக் காய்ந்ததை மாட்டினோம், தூக்கப் பைக்குள் அவனோடு இன்னொருவர் நுழைந்துகொண்டார், விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுச் சுக்குக் காப்பி கொடுத்தோம். இரண்டு மணி நேரத்தில் மீட்புக்குழு வந்தது. மருத்துவக் கூடாரத்தில் அளந்தபோது 34.2 டிகிரி. 35-க்குக் கீழே போனாலே ஆபத்து தொடங்கிவிட்டது என்றார் மருத்துவர்.

பிறகு என் ஷூவைக் கழற்றினால் இடது கால் பெருவிரல் வெளுத்து மரத்துக் கிடந்தது. மூன்று மணி நேரமாக நானும் யாரிடமும் சொல்லவில்லை. தம்பியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

இப்போது அரை மணிக்கு ஒரு விசில். விரல், பாதம், உள்சட்டை மூன்றும் எப்படி இருக்கிறது என்று நான்கு பேரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “ஒண்ணுமில்ல” என்று சொன்னால் 10 ரூபாய் அபராதம். அண்ணாச்சி மட்டும் இதுவரை 70 ரூபாய் கட்டியிருக்கிறார்.

அணியில் ஒரு பெண் கட்டாயம் என்பதால்தான் உங்களைச் சேர்த்தார்களா?
— பெயர் வேண்டாம், சேரன்மகாதேவி

பெரும்பாலான போட்டிகளில் கலப்பு அணிக்கு அந்த விதி உண்டு, ஒளிக்க ஒன்றுமில்லை. அவர்களுக்கு ஒரு பெண் தேவைப்பட்டது, எனக்கு ஓர் அணி தேவைப்பட்டது. கடைசியில் திசைகாட்டி என் கழுத்தில்தான் தொங்குகிறது. முகட்டைத் தப்பாக எடுத்த பிறகும் அதை என்னிடமிருந்து வாங்கவில்லை.

பனியில் தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைப்பார்களாமே, ஏன் அக்கா?
— எட்டாம் வகுப்பு மாணவன், களக்காடு

நல்லாக் கேட்ட தம்பி. ஐஸ் தண்ணீரில் மிதக்கும் அல்லவா? பாட்டில் நேராக இருந்தால் மேலே, வாய்ப்பக்கம்தான் முதலில் உறையும், மூடி ஒட்டிக்கொள்ளும், உள்ளே தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாது. தலைகீழாக வைத்தால் உறைகிற ஐஸ் பாட்டிலின் அடிப்பக்கம் போய்விடும். நிமிர்த்தித் திறந்தால் வாயில் தண்ணீர்தான் இருக்கும். மூடி மட்டும் ஒழுகாததாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டு ஃப்ரீசரில் செய்து பார்ப்பதென்றால் பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் தண்ணீர் வை. கண்ணாடி பாட்டில் வைத்து வெடித்தால் அம்மாவிடம் என் பேரைச் சொல்லிவிடாதே.